பூஞ்சை விழுந்த தட்டு: பெனிசிலின் காட்டும் அதிர்ஷ்டக் கணக்கு

1928-ஆம் ஆண்டுக் கோடையில், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 6 வரை, லண்டனில் வெயில் அடங்கிக் கிடந்தது. பத்து நாள் குளிர்ச்சி. அதன் பின் மறுபடி சூடு ஏறியது. அந்த நகரத்தில் யாரும் நினைவில் வைத்திருக்கக்கூடிய விஷயமில்லை இது. ஆனால் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ரொனால்ட் ஹேர் என்ற நுண்ணுயிரியலாளர் பழைய வானிலைப் பதிவேடுகளைப் புரட்டி இந்தப் பத்து நாளைத் தோண்டியெடுத்தார். அவருக்கு ஒரு புதிர் விடுபட வேண்டியிருந்தது. பெனிசிலின் கதை பள்ளிப் புத்தகம் வரை வந்த கதை: அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறைக்குப் போனார், திரும்பி வந்து பார்த்தால், பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்திருந்தது, பூஞ்சையைச் சுற்றி இருந்த பாக்டீரியா கரைந்துபோயிருந்தது. ஆனால் அதே பூஞ்சையை எடுத்து, பாக்டீரியா நன்கு வளர்ந்த தட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. வளர்ந்து முடிந்த பாக்டீரியாவைப் பெனிசிலின் தொடாது. பாக்டீரியா பெருகும்போது புதிதாகக் கட்டும் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் அதை வெடிக்க வைக்கும். ஆகவே தட்டில் பூஞ்சை முந்த வேண்டும், பாக்டீரியா பிந்த வேண்டும். குளிரில் பூஞ்சை வளரும், ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா சோம்பிக் கிடக்கும். சூடு ஏறியதும் அது பெருகத் தொடங்கும். இந்த வரிசையை லண்டன் வானிலையே அமைத்துக் கொடுத்தது என்பது ஹேரின் முடிவு.

தற்செயல்களின் பட்டியல் அத்தோடு நிற்கவில்லை. செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஃபிளெமிங்கின் அறைக்குக் கீழ்த்தளத்தில் லா டூஷ் என்ற பூஞ்சை ஆய்வாளர், ஆஸ்துமா ஆராய்ச்சிக்காக வீடுகளிலிருந்து எடுத்துவந்த பூஞ்சைகளை வளர்த்துவந்தார். தட்டில் விழுந்த வித்து அங்கிருந்து மேலே வந்திருக்கலாம். பெனிசிலியம் என்ற அந்தப் பூஞ்சை இனத்தில் எத்தனையோ வகை உண்டு. விழுந்தது, பெனிசிலினைத் தாராளமாகச் சுரக்கும் வகை. தட்டை வழக்கம்போல் 37 டிகிரி வெப்பப் பெட்டியில் வைத்திருந்தால் பாக்டீரியா முந்திக்கொண்டிருக்கும். ஃபிளெமிங் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். செப்டம்பர் 3 அன்று திரும்பி வந்தவர், கழுவப்போடும் தட்டுகளைக் கிருமிநாசினித் தொட்டியில் அடுக்கினார். அடுக்கின் மேலே இருந்தவை மருந்துநீரில் முழுகவில்லை. பழைய சகா மெர்லின் பிரைஸ் எட்டிப்பார்க்க வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக ஃபிளெமிங் மேலே கிடந்த தட்டுகளில் சிலவற்றைக் கையில் எடுத்தார். இந்த வரிசையைப் படிக்கிற எவரும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் சொல்வார்கள். உலக வரலாற்றில் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் முதலில் நீட்டப்படுவது இந்தத் தட்டுதான். அதனால்தான் உழைப்புக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள உறவை ஆராய இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. உழைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று சொல்கிறவர்கள் எளிய எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போகிறார்கள். அந்தக் கூற்றில் உண்மை இருந்தால் அது இந்த இடத்திலும் நிற்க வேண்டும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தற்செயல் என்பது நடப்பது. அதிர்ஷ்டம் என்பது நடந்ததிலிருந்து ஒருவர் பெறுவது. அதிர்ஷ்டம் என்ற சொல்லே வடமொழியில் ‘அதிருஷ்டம்’, அதாவது ‘காணப்படாதது’ என்ற பொருளில் பிறந்தது. எங்கிருந்து வந்தது, எந்தக் காரணத்தால் வந்தது என்று கண்ணுக்குத் தெரியாத பலன் அது. காரணம் தெரியாத வரைதான் அந்தப் பெயர் பொருந்தும். ஃபிளெமிங்கின் தட்டைப் பொறுத்தவரை, பூஞ்சை வந்து விழுந்ததற்கான காரணங்கள் அவர் கையில் இல்லாதவை. விழுந்த பூஞ்சை மருந்தாக மாறியதற்கான காரணங்கள் பெரும்பாலும் பார்க்கக்கூடியவை, தேதியிட்டுச் சொல்லக்கூடியவை. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. உழைப்பு தற்செயலை உண்டாக்குவதில்லை என்பதே என் வாதம். தற்செயல் வந்தபின் அது எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதைத்தான் உழைப்பு தீர்மானிக்கிறது. அதிலும் எல்லா உழைப்புமல்ல; எந்தத் திசையில் ஆயத்தம் செய்தோமோ அந்தத் திசையில் மட்டுமே அது பயணம் செய்யும்.

தற்செயல் மட்டும் போதுமானதாக இருந்தால் பெனிசிலின் அரை நூற்றாண்டு முன்பே கிடைத்திருக்கும். 1870-களின் நடுவில் ஜான் டிண்டால் என்ற ஆய்வாளர் லண்டனில் நூற்றுக்கணக்கான சோதனைக் குழாய்களில் குழம்பு வைத்துக் காற்றில் திறந்து விட்டார். பெனிசிலியம் பூஞ்சை கெட்டியாகப் படர்ந்த குழாய்களில் பாக்டீரியா செத்து அடியில் படிந்ததை அவர் பார்த்தார், எழுதியும் வைத்தார். ஆனால் உயிர் தானாகத் தோன்றுமா என்ற அக்காலத்துப் பெரிய விவாதத்துக்கு விடை தேடிக்கொண்டிருந்த அவருக்கு, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நடந்த போர் வழியில் கண்ட ஒரு காட்சி மட்டுமே. 1897-ல் பிரான்சின் லியோன் நகரில் எர்னஸ்ட் டுஷேன் என்ற இராணுவ மருத்துவ மாணவர் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள பகையையே தம் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். 1920-களில் பெல்ஜியத்தில் கிராட்டியா, டாத் என்ற இரு ஆய்வாளர்கள் பாக்டீரியாவைக் கரைக்கும் பூஞ்சையைக் கண்டார்கள். இவை எழுத்தில் பதிந்தவை மட்டும். தட்டில் பூஞ்சை விழுவது எந்த நுண்ணுயிர் ஆய்வகத்திலும் வாரம் ஒருமுறை நடக்கும் எரிச்சல். பூஞ்சை பிடித்த தட்டு குப்பைக்குப் போகும். காட்சி பலருக்குக் கிடைத்தது என்றால், ஒருவரிடம் மட்டும் அது நின்றதற்கு விளக்கத்தைக் காட்சியில் தேடிப் பயனில்லை.

ஃபிளெமிங்கிடம் தேட வேண்டும். 1914-ல் போர் தொடங்கியதும் அவர் தம் ஆசான் ஆல்ம்ராத் ரைட்டுடன் பிரான்சின் பூலோன் நகரில் அமைந்த ஆய்வகத்துக்குப் போனார். எரு கலந்த வயல்மண்ணும் கிழிந்த உடுப்பும் உள்ளே போன ஆழமான காயங்களோடு வீரர்கள் வந்தார்கள். மருத்துவர்கள் அந்தக் காயங்களில் கார்பாலிக் அமிலம் போன்ற கிருமிநாசினிகளை ஊற்றினார்கள், சீழ் நிற்கவில்லை. ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து கூர்கூராகக் குழல்முனைகளை இழுத்துவிட்டார். வெடித்துக் கிழிந்த சதையின் மூலைமுடுக்குகளைப் போலி செய்யும் கண்ணாடிக் காயம் அது. அதில் கிருமி கலந்த ஊனீரை நிரப்பினார், கிருமிநாசினியை ஊற்றிக் கழுவினார், மறுபடி நல்ல குழம்பை நிரப்பினார். மறுநாள் கிருமிகள் மறுபடி பெருகியிருந்தன, அந்தக் குழல்முனைகளின் அடியில் மருந்து எட்டாத இடத்திலிருந்து. அதோடு, கிருமியைக் கொல்வதற்கு முன் மருந்து உடலின் காவலாளிகளான வெள்ளையணுக்களைக் கொன்றுவிடுகிறது என்பதையும் அவர் அளந்து காட்டினார். அந்த ஆண்டுகளில் அவர் மனத்தில் ஒரு கேள்வி வேரூன்றிவிட்டது: கிருமியைக் கொன்று, வெள்ளையணுவை விட்டுவைக்கும் பொருள் ஏதாவது இருக்குமா? பூஞ்சைத் தட்டைக் கண்டபோது அந்தக் கேள்விக்கு வயது பத்துக்கு மேல்.

கேள்வி இருந்தால் போதாது. பார்க்கும் பழக்கமும் வேண்டும். 1921 நவம்பரில், தமக்கு ஜலதோஷம் பிடித்திருந்த சமயத்தில், ஃபிளெமிங் தம் மூக்குச்சளியைத் தட்டில் வளரவிட்டார். பல நாள் கழித்துப் பார்த்தபோது மஞ்சளாகப் படர்ந்திருந்த ஒரு வகைப் பாக்டீரியா சளியின் அருகே மட்டும் கண்ணாடிபோல் தெளிந்து கரைந்திருந்தது. கரைத்தது எது என்று துரத்திப் போய், சளியிலும் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் உள்ள லைசோசைம் என்ற நொதியை அடைந்தார். ஆய்வகத்தில் இருந்தவர்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து கண்ணீர் சேகரித்த காலம் அது. அப்போது அவரோடு வேலை செய்த இளம் மருத்துவர் ஆலிசன் ஒவ்வொரு மாலையும் தம் மேசையைத் துடைத்து, தேவையில்லாத தட்டுகளைக் கழித்துவிட்டுப் போவார். அதற்காக ஃபிளெமிங் அவரைக் கேலி செய்வாராம். ஃபிளெமிங்கின் தட்டுகள் இரண்டு மூன்று வாரம் மேசையில் கிடக்கும். கழிக்கும் முன் ஒவ்வொன்றையும் எடுத்து, எதிர்பாராதது எதுவும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பார். லைசோசைமால் மருத்துவப் பயன் ஒன்றும் விளையவில்லை. ஆபத்தான கிருமிகளை அது தொடுவதில்லை. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ‘கரைந்துபோன பாக்டீரியா’ என்ற காட்சியைத் தேர்ந்த கண்ணோடு பார்க்கக்கூடிய ஒரு மனிதரை அந்தப் பயனற்ற ஆய்வு உருவாக்கி வைத்தது. ஏழு ஆண்டு கழித்து அதே காட்சி, வேறொரு காரணத்தால், அதே கண்முன் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். மேசையைச் சுத்தம் செய்யாமல் போட்டுவைப்பதை ஆயத்தம் என்று எப்படிச் சொல்வது? ஃபிளெமிங் ஒழுங்கானவராக இருந்திருந்தால் பெனிசிலினே இல்லை. ஆக வென்றது சோம்பல்தானே என்று கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஒழுங்கு என்பது எதிர்பாராததை வடிகட்டி வெளியே தள்ளும் சல்லடை. எல்லாவற்றையும் அன்றன்றே கழுவி வைக்கிற ஆய்வகத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. ஆனால் குப்பை சேர்ந்த மேசைகள் அக்காலத்தில் எத்தனையோ இருந்திருக்கும். ஃபிளெமிங்கை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, கழிக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் திரும்பிப் பார்த்த அந்த இரண்டாவது பார்வைதான். அந்த ஸ்டஃபிலோகாக்கஸ் தட்டுகளும் சும்மா கிடந்தவை அல்ல. மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிடவிருந்த பெரிய நுண்ணுயிரியல் தொகுப்பு நூலுக்கு அந்தப் பாக்டீரியாவைப் பற்றி ஓர் இயல் எழுத அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதன் நிறமாற்றங்களைப் பல நாள் விட்டுப் பார்ப்பதற்கென்றே தட்டுகள் போடப்பட்டன. ஒழுங்கின்மை தற்செயலுக்குக் கதவைத் திறந்தது. வந்ததை அடையாளம் கண்டது பயிற்சி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாமலே போயிற்று.

இனிமேல்தான் கதை சுவையான, ஆனால் அதிகம் சொல்லப்படாத பகுதிக்குள் நுழைகிறது. பூஞ்சைச்சாற்றைக் கையில் எடுத்ததும் ஃபிளெமிங் செய்த முதற்கட்டச் சோதனைகளில் ஒன்று, அது வெள்ளையணுக்களைக் கெடுக்கிறதா என்பது. கெடுக்கவில்லை. பூலோனில் தொடங்கிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முயலுக்கும் எலிக்கும் ஊசிவழி ஏற்றிப் பார்த்தார்; தீங்கு இல்லை. ஆனால் நோய்த்தொற்று உண்டாக்கிய எலிக்கு ஏற்றிப் பார்க்கவில்லை. அந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு மிச்சமாகியிருக்கும். ஏன் செய்யவில்லை? அவரது ஆயத்தத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது. ரைட்டின் ஆய்வகம் தடுப்பூசியில் நம்பிக்கை வைத்த ஆய்வகம்; உடலுக்குள் செலுத்தி நோயைத் தீர்க்கும் இரசாயன மருந்துகளைப் பெரிதாக நம்பாத மரபு அங்கே ஊறியிருந்தது. முயலின் இரத்தத்தில் பெனிசிலின் அரை மணிக்குள் காணாமல் போனது; கிருமியைக் கொல்ல அது பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. காயத்தின் மூலைமுடுக்குகளில் மருந்து எட்டாமல் போனதை நேரில் அளந்த மனிதருக்கு, இதுவும் அப்படித்தான் என்று தோன்றியிருக்கும். அவரிடம் வேதியியலாளரும் இல்லை. உதவியாளர்களான ரிட்லியும் கிராடாக்கும் சாற்றை வடித்துச் செறிவாக்கப் போராடினார்கள். பொருள் கையில் தங்கவில்லை. 1929-ல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே, இன்ஃபுளுவென்சா கிருமியைப் பிரித்தெடுக்கப் பூஞ்சைச்சாறு உதவும் என்பதே முக்கியப் பயனாக வந்தது. உலகின் மிகப் பெரிய மருந்து, ஆய்வகத்தில் களையெடுக்கும் கருவியாக ஒதுங்கியது.

இதை ஃபிளெமிங்கின் குறையாக நான் சொல்லவில்லை. ஒரே மனிதர், ஒரே பூஞ்சை, ஒரே ஆண்டு. காட்சியை அடையாளம் காண்பதில் அவருக்கு அதிர்ஷ்டம் துணை வந்தது, மருந்தாக்குவதில் வரவில்லை. மாறியது எது? வானிலையா, நட்சத்திரமா? அவர் பத்து ஆண்டு ஆயத்தம் செய்த இடத்தில் அதிர்ஷ்டம் இருந்தது, ஆயத்தம் செய்யாத இடத்தில் நின்றுவிட்டது. ஆயத்தத்தின் எல்லையிலேயே அதிர்ஷ்டமும் முடிகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. ஆயத்தம் கண்ணைத் திறக்கவும் செய்யும், சில திசைகளில் திரையும் போடும் என்பதையும் இதே சான்று சொல்கிறது. உழைப்பின் புகழ் பாடுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

ஷெஃபீல்டில் நடந்தது இன்னும் வலிமையான சான்று. செயின்ட் மேரிஸில் படித்த செசில் பெய்ன் என்ற மருத்துவர் 1930-ல் ஃபிளெமிங்கின் பூஞ்சையை வாங்கி வளர்த்து, அதன் கச்சாச் சாற்றைக் கண்ணில் தொற்றுக் கண்ட பச்சிளங் குழந்தைகளுக்கு இட்டார். குழந்தைகளின் கண் தெளிந்தது. பெனிசிலினால் மனிதருக்கு நோய் தீர்ந்ததாக நாம் அறிந்த முதல் நிகழ்வுகள் இவை. பெய்ன் அதை வெளியிடவில்லை. பூஞ்சை நிலையாகச் சுரக்காமல் சோதித்தது, அவரும் வேறு மருத்துவமனைக்கு, வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1932-ல் ஷெஃபீல்டுக்கு நோயியல் பேராசிரியராக வந்தவர் ஹோவர்ட் புளோரி. பெய்ன் அவரிடம் இந்தச் சோதனைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எட்டு ஆண்டு கழித்து உலகுக்குப் பெனிசிலினைக் கொடுக்கப்போகிற அதே மனிதரின் காதில் அன்று அது விழுந்தது, நிற்கவில்லை. செய்தி வந்தாயிற்று, வாங்கிக்கொள்ள ஆள் தயாரில்லை.

புளோரியைத் தயாராக்கியது, மீண்டும், அந்தப் பயனற்ற லைசோசைம். 1920-களின் இறுதியிலிருந்தே அவருக்கு அந்த நொதியின்மீது ஈடுபாடு இருந்தது. 1935-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டன் நோயியல் பள்ளிக்குத் தலைவரானதும், வேதியியல் இல்லாமல் இது நகராது என்று உணர்ந்து, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த எர்ன்ஸ்ட் செயினைச் சேர்த்துக்கொண்டார். லைசோசைம் பாக்டீரியாவின் எந்தப் பகுதியைக் கரைக்கிறது என்று கண்டறிந்த செயின், கிருமியைக் கரைக்கும் பிற பொருள்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை எல்லாம் 1938-ல் படிக்கத் தொடங்கினார். ஏராளமான கட்டுரைகளுக்கு நடுவே ஃபிளெமிங்கின் 1929 கட்டுரை அகப்பட்டது. பூஞ்சைக்கு எங்கே போவது? அதே கட்டடத்தில், காம்ப்பெல்-ரென்டன் என்ற பெண் ஆய்வாளர் கையில் ஃபிளெமிங்கின் பூஞ்சை உயிரோடு இருந்தது. முந்தைய தலைவர் டிரையர் காலத்திலேயே வேறு வேலைக்காக வாங்கி, விடாமல் வளர்த்துவரப்பட்டது. நடைபாதையில் பூஞ்சைக் குடுவைகளோடு அவர் போவதைச் செயின் பார்த்திருக்கிறார். இதையும் அதிர்ஷ்டம் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் மருந்தாக்க முடியாத ஒரு பூஞ்சையைப் பத்து ஆண்டு சாகவிடாமல் மறுவளர்ப்புச் செய்து, கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் ஃபிளெமிங் அனுப்பிக்கொண்டிருந்தாரே, அந்தக் குடுவை ஆக்ஸ்ஃபோர்டு நடைபாதைக்கு வந்தது அந்தச் சலிப்பான உழைப்பால்தான்.

நார்மன் ஹீட்லி என்ற இளம் உயிர்வேதியியலாளர் அந்தக் குழுவில் இருந்ததே ஒரு தற்செயல். 1939 செப்டம்பரில் போர் மூளாதிருந்தால் அவர் கோபன்ஹேகனுக்குப் போயிருப்பார். பெனிசிலின் கையில் தங்காத சிக்கலை அவிழ்த்தவர் அவர். அமிலமாக்கிய சாற்றிலிருந்து பெனிசிலின் கரைப்பானுக்குள் போகும். அந்தக் கரைப்பானிலிருந்து லேசான காரத்தன்மை கொண்ட நீருக்குள் அதைத் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று அவர் சொன்னார். கேட்பதற்கு எளிமையாக இருந்ததாலேயே பிறருக்கு நம்பிக்கை வரவில்லை, நடந்தது. போர்க்காலத்தில் கருவி வாங்க வழியில்லை. நூலகம் கழித்துப்போட்ட புத்தக அலமாரியைச் சட்டமாக நிறுத்தி, கண்ணாடிக் குழாய்களையும் புட்டிகளையும் கட்டி, அவரே பிரித்தெடுக்கும் இயந்திரம் செய்தார். பூஞ்சை மேற்பரப்பில் மட்டும் வளரும் என்பதால் தட்டையான பாத்திரங்கள் நிறைய வேண்டும். நோயாளிக்குப் படுக்கையில் வைக்கும் பெட்பேன்தான் அதற்குச் சரியான வடிவம் என்று கண்டு, அதைத் திருத்தி வரைந்து, குயவுத்தொழில் நடக்கும் ஊரில் செய்யச் சொன்னார். முதல் பாத்திரங்களை 1940 டிசம்பர் 23 அன்று தாமே இரவல் வண்டியில் போய் ஏற்றிவந்தார்.

அதற்கு முன், அதே ஆண்டு மே 25, சனிக்கிழமை, எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏற்றப்பட்டது. அவற்றில் நான்குக்குப் பெனிசிலின். ஹீட்லி இரவெல்லாம் கூண்டருகில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார். விடியற்காலை மூன்றே முக்காலுக்கு அவர் கிளம்பியபோது மருந்து பெறாத நான்கும் செத்திருந்தன. மருந்து பெற்றவை உயிரோடு இருந்தன. இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான சான்றை நானே வைக்க வேண்டும். சோதனை விலங்காக எலிக்குப் பதில் கினி எலியை எடுத்திருந்தால் அது செத்திருக்கும். பெனிசிலின் கினி எலிக்கு நஞ்சு என்பது சில ஆண்டு கழித்துத்தான் தெரியவந்தது. நஞ்சு என்று எழுதி அன்றே கோப்பை மூடியிருப்பார்கள். அவர்கள் கையிலிருந்த பொருளில் பெனிசிலினைவிட அழுக்கே பன்மடங்கு அதிகம். அந்த அழுக்கில் ஏதேனும் கொல்லக்கூடியதாக இருந்திருந்தாலும் கதை முடிந்தது. இந்த இரண்டிலும் அவர்களுடைய உழைப்புக்குச் சிறிதும் பங்கில்லை. இது வெறும் தற்செயல், அவர்களுக்குச் சாதகமாக விழுந்தது. உழைப்பால் எல்லா அதிர்ஷ்டத்தையும் விளக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கினி எலியைக் காட்டி மறுக்கலாம். ஆனால் எலியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்றால், எலிக்குத் தொற்று ஏற்றிச் சோதித்தது தற்செயலல்ல; ஃபிளெமிங் செய்யாமல் விட்ட படி அதுதான். பகடை நல்லபடி விழுந்தது உண்மை. பகடையை உருட்டியது அவர்கள்.

1941 பிப்ரவரி 12 அன்று முதல் நோயாளிக்கு முழுச் சிகிச்சை தொடங்கியது. ஆல்பர்ட் அலெக்சாண்டர், காவலர், வயது நாற்பத்து மூன்று. தொற்று முகமெங்கும் பரவி ஒரு கண்ணை இழந்திருந்தார். மருந்து ஏற்றிய சில நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். அவருடைய சிறுநீரைச் சேகரித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் வெளியேறிய பெனிசிலினை மறுபடி பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் கையிருப்பு தீர்ந்தது. தொற்று திரும்பியது, மார்ச் 15 அன்று அவர் இறந்தார். பல மாதம் இரவு பகலாக உழைத்த அத்தனை பேரின் ஆயத்தமும் அவரைக் காப்பாற்றப் போதவில்லை. உழைத்தால் வெல்லலாம் என்று மேடையில் சொல்லும் எவரும் இந்தக் கட்டிலின் அருகே ஒரு கணம் நின்றுவிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து வந்த நோயாளிகளுக்குக் குறைந்த அளவு மருந்து போதும் என்பதால் பெரும்பாலும் குழந்தைகளைத் தேர்ந்தார்கள். குணமான கணக்கு அங்கிருந்து கூடியது.

மருந்தைப் பெருமளவில் செய்ய 1941 கோடையில் புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் வேளாண்துறை ஆய்வகம் ஒன்று இருந்தது; மிஞ்சும் விளைபொருளுக்குப் பயன் தேடுவதே அதன் வேலை. மக்காச்சோள மாவு எடுத்தபின் மிஞ்சும் ஊறல்நீரை அந்த ஆய்வகத்தார் எந்த நொதித்தலிலும் சேர்த்துப் பார்க்கிறவர்கள். பெனிசிலின் பூஞ்சைக்கும் சேர்த்தார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறியது. சிறந்த பூஞ்சையைத் தேட உலகெங்குமிருந்து மண் வரவழைத்தார்கள். உள்ளூரில் பூஞ்சை பிடித்த பழங்களையும் காய்களையும் சேகரிக்க ஏற்பாடு செய்தார்கள். 1943-ல் அகப்பட்ட மிகச் சிறந்த வகை, பியோரியாவிலேயே கிடைத்த ஓர் அழுகிய முலாம்பழத்தில் இருந்தது. வேறெங்கோ தேடியது வீட்டு வாசலில் கிடைத்தது என்று வியக்கிறோம். தேடல் நடந்துகொண்டிருக்காத ஊரில் அந்தப் பழம் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும். நூறு இடத்தில் வலை விரித்தவனுக்கு எந்த வலையில் மீன் விழும் என்று தெரியாது. மீன் விழும் வாய்ப்பை அவன் கூட்டிவைத்திருக்கிறான். ஆயத்தம் தற்செயலின் எண்ணிக்கையைக்கூட உயர்த்தும் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கடைசி மறுப்பு எல்லாவற்றையும்விடக் கனமானது. வென்றவர்களின் கதையை எடுத்துப் பின்னோக்கி நடந்தால் எங்கும் ஆயத்தம் தெரியத்தான் செய்யும். ஆயத்தம் செய்தும் தோற்றவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? லியோனின் டுஷேனை எண்ணிப் பாருங்கள். 23 வயதில் சரியான கேள்வியைக் கேட்டு, விலங்குகளிடம் சோதித்து, இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதியவர். இராணுவ மருத்துவப் பணி அவரை இழுத்துக்கொண்டது; 1912-ல் காசநோயில் இறந்தார். அவரிடம் இல்லாதது உழைப்பல்ல. உழைப்பைத் தொடரக் காலமும் இடமும் ஆதரவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு குழுவுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம் இருந்தது, கட்டடம் இருந்தது, ஒருவர் அறியாததை அறிந்த இன்னொருவர் பக்கத்து அறையில் இருந்தார். செயினின் தாயும் தங்கையும் ஜெர்மனியை விட்டு வெளியேற முடியாமல் நாஜிகளின் கையில் மாண்டார்கள். அவர் மட்டும் தப்பி வந்ததற்கு எந்த ஆயத்தத்தைக் காரணம் சொல்வது? ஆகவே இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், அதன் விளைவையும் சேர்த்து. ஆயத்தம் இல்லாத இடத்தில் தற்செயல் வீணாகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆயத்தம் இருந்தால் தற்செயல் வந்தே தீரும் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டாவதை முதலாவதோடு சேர்த்து ஓதுகிறவர்கள், கைகூடாமல் போனவர்களைப் பார்த்து ‘நீ உழைக்கவில்லை’ என்று பழி சொல்லும் கொடுமைக்கு வழிவகுக்கிறார்கள். ஒரு தனிமனிதர் செய்யக்கூடியது ஆயத்தம். அந்த ஆயத்தம் பலிக்க அவகாசம் கொடுப்பது சமூகத்தின் கடமை. லைசோசைம் போன்ற, உடனடிப் பயன் தெரியாத ஓர் ஆய்வுக்கு இன்று எந்தப் பல்கலைக்கழகம் ஏழு ஆண்டு பொறுமை காட்டும் என்று கேட்டுப் பார்த்தால், அதிர்ஷ்டம் ஏன் சில நாடுகளுக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு விடையின் ஒரு பகுதி கிடைக்கும்.

1945-ல் மருத்துவ நோபல் பரிசு ஃபிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. மூவருக்கு மேல் பரிசைப் பகிர்வது வழக்கமில்லை. பெட்பேனும் பழைய அலமாரியும் கொண்டு பெனிசிலினைக் கைக்குக் கொண்டுவந்த ஹீட்லிக்கு அதில் பங்கில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1990-ல் அவருக்குக் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது. அதன் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் தரப்பட்டது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 79.